உல்லன் என்று வாங்கிய அக்ரிலிக்: கோளாறு வாரியாகக் கைவைத்தியம்

மேட்டுப்பாளையத்தில் லாண்ட்ரிக் கடை வைத்திருப்பவனுக்குக் குளிர்காலம் மார்கழியோடு முடிவதில்லை. குன்னூர் ரோட்டிலும் கோத்தகிரி ரோட்டிலும் வண்டி இறங்குகிற நாளெல்லாம் குளிர்காலம்தான். மலைமேல் ஹாஸ்டலில் படிக்கிற பிள்ளைகள் லீவுக்கு இறங்கினால் சுவெட்டர் மூட்டை மூட்டையாக வரும். ஊட்டிக்கு இரண்டு நாள் போய்விட்டு வந்தவர்கள் சால்வை, குல்லா, போர்வை கொண்டுவருவார்கள். "ஏனுங்கண்ணா, இது உல்லனுங்க, பாத்துப் போடுங்க" என்று சொல்லித்தான் கொடுப்பார்கள். உள்ளே லேபிளைப் புரட்டினால் முக்கால்வாசி அக்ரிலிக்.

அதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. நம் பக்கத்தில் வழவழவென்று பின்னிய எதற்கும் உல்லன் என்றே பேராகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் கைவேலைக்கு வாங்கிவரச் சொல்கிற உல்லன் நூல்கண்டும் அக்ரிலிக்தான். எடை குறைவு, கதகதப்பு, வீட்டிலேயே துவைக்கலாம், வெயிலில் நிறம் அவ்வளவாக வெளுக்காது. நல்ல சரக்குதான். ஒரே ஒரு பலவீனம்: ஈரமும் சூடும் சேர்ந்தால் இளகிவிடும். இளகியபோது எப்படிக் கிடந்ததோ அப்படியே ஆறி நின்றுவிடும். என் மேஜைக்கு வருகிற கோளாறில் பாதிக்கு மூலம் இதுதான்.

## முதலில், அக்ரிலிக்தானா என்று பாருங்கள்

லேபிள் இருந்தால் வேலை முடிந்தது. கழுத்தில் குத்துகிறது என்று கத்தரித்து எறிந்திருந்தால் உள்தையலிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு நூல் எடுங்கள்.

ப்ளீச் சோதனை. பாதி நூலைச் சின்னக் கிண்ணத்தில் தண்ணீர் கலக்காத லிக்விட் ப்ளீச்சில் போட்டு ஒரு மணி நேரம் விடுங்கள். ஆட்டுக் கம்பளி என்றால் நுரைத்துக் கரைந்துபோகும். அக்ரிலிக் அப்படியே கிடக்கும். பாதி கரைந்து பாதி நின்றால் கலப்பு நூல்; அதைக் கம்பளி மாதிரியே பதமாக நடத்துங்கள்.

நெருப்புச் சோதனை. ப்ளீச்சில் போட்டும் சந்தேகம் தீரவில்லை என்றால் மட்டும் இது. வெளியே திறந்த இடத்தில், தட்டில் தண்ணீர் வைத்து, இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். அக்ரிலிக் கரும்புகையோடு விறுவிறுவென்று எரியும், நெருப்பை எடுத்தாலும் அணையாது, கடைசியில் கோணல்மாணலாகக் கெட்டிக் கரித்துண்டு நிற்கும். கம்பளி முடி கருகுகிற வாடையோடு தானாக அணைந்து, நசுக்கினால் பொடியாகும். மூக்கருகே கொண்டுபோய் முகராதீர்கள். அக்ரிலிக் எரிகிற புகையில் சயனைடு வாயு உண்டு.

கடைக்காரர் மொத்தமாக வாங்கிய சரக்கில் தகராறு என்றால் இந்த வீட்டுச் சோதனை எல்லாம் செல்லாது. கோயம்புத்தூரில் சிட்ரா என்கிற தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகம் இருக்கிறது. நூல் கலப்பைச் சோதித்துச் சான்று தருவார்கள். ஒற்றைச் சுவெட்டருக்கு அங்கே போகிற செலவுக்குப் புதுசே வாங்கிவிடலாம்.

## உருண்டை உருண்டையாகத் திரண்டிருக்கிறது

திருப்பூர்க்காரர்கள் இதைப் பில்லிங் என்பார்கள். நிஜக் கம்பளியிலும் வரும். ஆனால் அந்த நாருக்கு வலு குறைவு, கொஞ்ச நாளில் உருண்டை தானே அறுந்து உதிரும். அக்ரிலிக் நார் அதைவிட உறுதி, உருண்டையை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். "போடப் போடச் சரியாயிரும்" என்று காத்திருந்தால் கூடத்தான் செய்யும்.

### அக்குள், முழங்கை, பை வார் படும் தோள் என்று சில இடத்தில் மட்டும்

உரசல்தான், துணியில் குறை இல்லை. கையால் பிய்த்தால் இன்னும் நான்கு நார் வெளியே வந்து அடுத்த உருண்டைக்குத் தயாராகும். லின்ட் ரிமூவர் மெஷின் இருந்தால் ஓட்டலாம். நான் இன்னும் சவர ரேசரைத்தான் நம்புகிறேன்.

சுவெட்டர் காய்ந்திருக்க வேண்டும். கைக்குள் ஒரு கெட்டி அட்டையைச் செருகி மேஜையில் பரப்புங்கள். இடது கையால் சுருக்கமில்லாமல் பிடிக்க வேண்டும், ஆனால் இழுத்துப் பிடிக்கக் கூடாது. புது ரேசரைக் கிட்டத்தட்டப் படுக்க வைத்து, பின்னலின் போக்கிலேயே, மேலிருந்து கீழாக, ஒரு தடவைக்கு விரல் நீளத்துக்கு மேல் போகாமல் இழுங்கள். சர் சர் என்று சத்தம் வந்தால் சரியாகப் போகிறது. கிர்ரென்று மாட்டினால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள், பிளேடு நூலைக் கவ்விவிட்டது. உதிர்ந்த பஞ்சை செல்லோடேப்பால் ஒற்றி எடுங்கள். தையல் ஓரத்திலும் பட்டன் பட்டியிலும் ரேசர் வேண்டாம், அங்கே சின்னக் கத்தரிக்கோல்.

### ஒரு துவைப்பிலேயே உடம்பு முழுக்க

ஜீன்ஸோடு போட்டீர்களா? டர்க்கி டவலோடு? ஒட்டுப் பட்டி வைத்த ஷூ, பை ஏதாவது மெஷினுக்குள் இருந்ததா? இந்த மூன்றில் ஒன்று நிச்சயம். உருண்டையைச் சிரைத்துவிட்டு, அடுத்த தடவையிலிருந்து உட்புறம் வெளியே திருப்பி, வலைப் பையில் போட்டு, மெஷினில் இருக்கிறதிலேயே மென்மையான, குறைந்த நேர ஓட்டத்தில் விடுங்கள். துவைக்கிற கல்லில் அடிக்கிற வேலை அறவே வேண்டாம். பிரஷ்ஷும் வேண்டாம்.

### புதிதாக வாங்கி ஒரு வாரத்தில், உரசாத இடத்திலும்

நூலில் முறுக்குப் போதவில்லை. துவைப்பவனால் ஆகிற காரியம் இல்லை. பில் இருந்தால் வாங்கிய இடத்தில் மாற்றிக்கொள்ளுங்கள். பள்ளிக்கூட யூனிஃபார்மை மொத்தமாகத் தைத்து வாங்குகிறவர்கள் ஆர்டர் கொடுக்கும் முன்பே பில்லிங் டெஸ்ட் ரிப்போர்ட் கேளுங்கள். 1 முதல் 5 வரை மார்க் போடுவார்கள். 5 என்றால் உருண்டையே இல்லை, 1 என்றால் படு மோசம். 3 என்று வந்த துணியைப் பிள்ளைகளுக்குப் போட்டால் அரைப் பரீட்சைக்குள் தெரிந்துவிடும்.

## தொளதொளவென்று நீண்டு தொங்குகிறது

இதுதான் அதிகம் வருகிற புகார், அதிகம் கண்ணீர் வருவதும் இதற்குத்தான்.

### பச்சைத் தண்ணீரில் துவைத்துக் கொடியில் தொங்கவிட்டது

பிழைக்க வாய்ப்புண்டு. ஈரத்தின் கனத்தில் பின்னல் கீழே இழுபட்டிருக்கிறது, அவ்வளவுதான். மறுபடி பச்சைத் தண்ணீரில் நனைத்து, டவலில் சுருட்டிக் கையால் அமுக்கித் தண்ணீரை எடுங்கள். பிழியாதீர்கள். காய்ந்த டவல்மேல் பரப்பி, பக்கவாட்டிலிருந்தும் கீழிருந்தும் இரண்டு உள்ளங்கையால் உள்ளே தள்ளி, பழைய அளவுக்குக் கொண்டுவாருங்கள். அளவு ஞாபகம் இல்லையென்றால் அதே சைஸ் சட்டை ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நிழலில், படுத்த வாக்கிலேயே காயட்டும். கயிற்றுக் கட்டில் இருந்தால் அதைவிடத் தோதான இடம் கிடையாது, மேலும் கீழும் காற்றுப் போகும். இரண்டு தடவை இப்படிச் செய்தால் பெரும்பாலும் திரும்பிவிடும்.

### வெந்நீரில் நனைத்தது

"சுடுதண்ணியெல்லாம் வெக்கலைங்க, பைப்புத் தண்ணிதானுங்க" என்று அடித்துச் சொல்வார்கள். அந்தப் பைப்பு எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். மொட்டை மாடியில் சோலார் ஹீட்டர் இருக்கிற வீட்டில் மத்தியானத் தண்ணீர் கை பொறுக்காத சூட்டில் வரும். அக்ரிலிக்குக்கு 30 டிகிரி போதும், 40-க்கு மேல் போகக் கூடாது. கையை விட்டால் சூடு தெரிகிறது என்றாலே கொஞ்சம் பச்சைத் தண்ணீர் கலந்துவிடுங்கள்.

ஏற்கெனவே நனைத்தாகிவிட்டது என்றால் மேலே சொன்ன மாதிரி பரப்பிக் காய வைத்துப் பாருங்கள், ஒரு தடவை போதும். திரும்பவில்லை என்றால் இனி திரும்பாது. ஓவர்லாக் மெஷின் வைத்திருக்கிற டெய்லரிடம் கொடுத்து, பக்கத் தையலில் பிடித்து, அடியிலும் மணிக்கட்டிலும் புது ரிப் (வரிவரியாக இழுபடுகிற பின்னல் பட்டி) வைத்துத் தைத்துக்கொள்ளலாம். சாதாரணத் தையல் மெஷினில் வெட்டித் தைத்தால் பின்னல் பிரிந்து ஓடும். பழைய ரிப்பின் நிறத்துக்குச் சரியாகக் கிடைப்பது குதிரைக்கொம்பு; கறுப்போ நேவி நீலமோ வைத்துவிட்டால் டிசைன் மாதிரி இருக்கும்.

### ஸ்டீம் பட்டது

இதற்கு நானே சாட்சி. கடைக்குப் புதிதாக வந்த பையன், பருத்தி டி-ஷர்ட்டை ஸ்டீம் அயர்னில் ஜோராகப் போடுவான். ஒரு நாள் ஹாஸ்டல் பெண்ணின் மெரூன் சுவெட்டரையும் அதே கையோடு எடுத்துவிட்டான். நான் பார்த்துக்கொண்டே ஓடுவதற்குள் பெட்டியை அடிப்பக்கத்து ரிப்மேல் வைத்து ஆவியை விட்டான். வரப்பும் வாய்க்காலுமாக நின்ற ரிப் இரண்டு நொடியில் சமமாகப் படுத்துவிட்டது. தூக்கிப் பார்த்தால் வேக வைத்த சேவை மாதிரி, இழுத்த பக்கம் போகிறது, திரும்பி வரவில்லை. எடையும் நிறமும் அப்படியே, உயிர் மட்டும் இல்லை. அந்த அம்மா வந்தபோது புது சுவெட்டருக்குப் பணம் கொடுத்துவிட்டேன். வேறு என்ன சொல்வது? பையன்மேல் தப்பில்லை, சொல்லிக் கொடுக்காதது நான்.

ஸ்டீம் பட்டு இப்படிப் போனதைப் பழையபடி கொண்டுவர யாராலும் முடியாது. ட்ரை கிளீனிங் கடையில் கொடுத்தாலும் முடியாது. சொல்லப்போனால் ட்ரை கிளீனிங் அக்ரிலிக்கைக் கெடுப்பதில்லை, அது முடிந்து கடைசியில் போடுகிற ஸ்டீம் பிரஸ்தான் கெடுக்கும். கொடுக்கும்போதே "ஸ்டீம் போடாதீங்க" என்று சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

## மடிப்பு விழுந்து போகவே மாட்டேன் என்கிறது

சூடாகத் துவைத்து, உடனே பச்சைத் தண்ணீரில் அலசி, அப்படியே ஸ்பின்னில் சுற்றியிருப்பீர்கள். இளகியது சட்டென்று ஆறி, டிரம்முக்குள் கசங்கிய வாக்கில் நின்றுவிட்டது. 40 டிகிரித் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவிட்டு, அந்தத் தண்ணீரிலேயே தானாக ஆற விடுங்கள். எடுத்து, ஸ்பின் போடாமல், பரப்பிக் காயவையுங்கள். மடிப்பு பாதியாவது குறையும்.

அயர்ன் போட்டே ஆக வேண்டும் என்றால் லேபிளில் ஒற்றைப் புள்ளி போட்ட சூடு, அதாவது 110 டிகிரிக்குள். உட்புறம் திருப்பி, மேலே காய்ந்த வேட்டித் துணி போட்டு, பெட்டியை இழுக்காமல் தொட்டுத் தொட்டு எடுங்கள். கரிப்பெட்டிக்கு அக்ரிலிக்கைக் கொடுக்கவே வேண்டாம். அதில் சூட்டைக் குறைக்க ஏது திருகு?

## ஒரு இடம் மட்டும் பளபளக்கிறது அல்லது கெட்டியாகிவிட்டது

விரலால் தடவுங்கள். வழுவழுப்பு மட்டும் என்றால் நார் நசுங்கியிருக்கிறது. பச்சைத் தண்ணீரில் நனைத்து, பாதி காய்ந்த பதத்தில் மெல்லிய டூத் பிரஷ்ஷால் எதிர்ப்பக்கம் தடவினால் கொஞ்சம் எழும்பும். நகத்தால் சுரண்டினால் பிளாஸ்டிக் மாதிரி சத்தம் வந்தால் உருகிவிட்டது. அதற்கு மருந்து இல்லை, மேலே பேட்ச் வைத்துத் தைக்கலாம்.

## போர்வை, சோபா விரிப்பு மொரமொரப்பாகிவிட்டது

வாங்கும்போது பூனைக்குட்டி மாதிரி இருந்தது, இப்போது மிதியடி மாதிரி இருக்கிறது என்பார்கள். பெரும்பாலும் போர்வையில் குற்றமில்லை, தண்ணீரில்தான்.

ஆற்றுத் தண்ணியா, போர்த் தண்ணியா? எங்கள் ஊரில் பவானித் தண்ணீர் வருவதால் இந்தப் புகார் குறைவு. அவிநாசி, பல்லடம் பக்கமிருந்து வருகிற போர்வைகளில் பார்த்தவுடன் தெரியும். சப்பைத் தண்ணியில், அதாவது போரிலிருந்து வருகிற கடினத் தண்ணீரில், சோப்பு சரியாகக் கரையாமல் முடிக்கு முடி வெள்ளையாகப் படிந்திருக்கும். பத்து லிட்டர் வாளித் தண்ணீரில் அரை டம்ளர் வெள்ளை வினிகர் கலந்து, போர்வை முங்குகிற அளவுக்கு, அரை மணி ஊற வைத்து, நல்ல தண்ணியில் இரண்டு தடவை அலசுங்கள். மழை நாளில் பிடித்து வைத்த தண்ணீர் இருந்தால் இன்னும் நல்லது. வினிகரையும் ப்ளீச்சையும் மட்டும் ஒருபோதும் சேர்த்துவிடாதீர்கள், விஷ வாயு கிளம்பும்.

பவுடர் அளவு? டபுள் போர்வை என்பதால் டபுள் பவுடர் என்று போடுவார்கள். பாதி போதும். பவுடரை விட லிக்விட் நல்லது.

முடி கட்டி கட்டியாக ஒட்டியிருக்கிறதா? முழுக்கக் காய்ந்த பிறகு, மெல்லிய பிரஷ்ஷால் ஒரே பக்கமாகச் சீவுங்கள். ஈரத்தில் சீவினால் முடி பிடுங்கிக்கொண்டு வரும். நுனி கறுத்துக் கெட்டியாக இருந்தால் ட்ரையர் சூட்டில் உருகிய நுனி. கத்தரிக்கோலால் மேலாக நறுக்குவது தவிர வழியில்லை.

மிங்க் போர்வை என்று விற்பதில் இப்போது நிறைய பாலியஸ்டர்தான். பயப்பட வேண்டாம், இந்த வைத்தியம் அதற்கும் பொருந்தும். வீட்டு மெஷினுக்குள் டபுள் போர்வையைத் திணிக்கிறீர்கள் என்றால் அங்கேதான் நிறுத்திக்கொள்ள வேண்டும். நனைந்தால் அது ஒரு ஆள் கனம் வரும். டிரம்மின் பேரிங் போனால் போர்வை விலையைப் போல் பல மடங்கு செலவு. பெரிய மெஷின் இருக்கிற லாண்ட்ரியில் கொடுங்கள். நான் கடைக்காரன் என்பதால் சொல்லவில்லை.

## தொட்டால் பட்டென்று ஷாக் அடிக்கிறது

தை, மாசியில் காற்று காய்ந்து கிடக்கும்போது வரும். கடைசி அலசலில் ஃபேப்ரிக் கண்டிஷனர் ஒரு மூடி, உள்ளே பருத்தி பனியன், இரண்டும் போதும். நைலான் பாவாடைமேல் அக்ரிலிக் சால்வை போடுகிறவர்களுக்கு அதிகம் அடிக்கும். பெட்ரோல் பங்கில் வண்டியிலிருந்து இறங்கியதும் முதலில் வண்டியின் இரும்பைத் தொட்டுவிட்டு அப்புறம் டேங்க் மூடியைத் தொடுங்கள். சுவெட்டரே போடாமலும் தொட்டதிலெல்லாம் அடிக்கிறது என்றால், குறிப்பாகக் கிரைண்டர், ஹீட்டரைத் தொடும்போது, அது துணி விவகாரம் இல்லை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் பார்க்கச் சொல்லுங்கள்.

## துவைத்தும் நாற்றம் போகவில்லை

அக்ரிலிக் தண்ணீரைக் குடிக்காது, ஆனால் வியர்வை எண்ணெயைப் பிடித்துக்கொள்ளும். வாளிக்கு நான்கு ஸ்பூன் ஆப்ப சோடா போட்டு இரண்டு மணி நேரம் ஊற வைத்து, பிறகு வழக்கம்போலத் துவையுங்கள். நாற்றம் போகச் சூடு வைக்கலாமே என்று தோன்றும். மேலே மெரூன் சுவெட்டர் கதை படித்தீர்கள் இல்லையா?

பாச்சை உருண்டை வாசம்தான் பிரச்சினை என்றால், முதலில் அதைப் போட்டதே வீண். அந்துப்பூச்சி அக்ரிலிக்கைத் தின்னாது. காற்றில் நாலு நாள் விரித்துப் போடுங்கள், வேறு மருந்தில்லை.

## சாயம் போகிறது

நனைத்த வெள்ளைத் துணியைக் கட்டைவிரலில் சுற்றி, உட்புறம் பத்துத் தடவை தேயுங்கள். உடம்புத் துணியில் நிறம் ஒட்டுகிறதா, பார்டர், எம்பிராய்டரி, லைனிங்கில் ஒட்டுகிறதா என்று தனித்தனியாகப் பாருங்கள். என் அனுபவத்தில் அநேகமாகக் குற்றவாளி பார்டர்தான். அக்ரிலிக்குக்குச் சாயம் கொதிநிலைக்குப் பக்கத்துச் சூட்டில் ஏற்றுவது, பச்சைத் தண்ணீரில் லேசில் இறங்காது. இறங்கிய நிறம் வேறிடத்தில் பட்டிருந்தால் காயவிடாமல் உடனே பச்சைத் தண்ணீரில் மாற்றி மாற்றி அலசுங்கள்.

வெளுத்ததை மறுபடி சாயம் போடலாமா என்று கேட்கிறவர்களுக்கு: ஈரோட்டிலும் திருப்பூரிலும் சாயப்பட்டறைக்குப் பஞ்சமில்லை. ஆனால் அங்கே பெரும்பாலும் ஓடுவது பருத்திக்கான சாயம், அது அக்ரிலிக்கில் ஒட்டாது. இதற்கு வேறு வகைச் சாயம், கொதிக்கிற தண்ணீர். தைத்து முடித்த சுவெட்டரைக் கொதிக்க வைத்தால் நிறம் வரும், சுவெட்டர் வராது.

## ஓட்டை

ஓரம் பிசிறாக, நூல் தொங்குகிறது. எங்கோ மாட்டி இழுத்திருக்கிறது. நூலை வெட்டாதீர்கள். குரோஷா ஊசியால் உட்புறம் இழுத்து முடிச்சுப் போடுங்கள். கண்ணி கழன்று ஏணி மாதிரி ஓடத் தொடங்கியிருந்தால் ஒரு ஊக்கைக் குத்தி நிறுத்திவிட்டு, பின்னத் தெரிந்தவர்களிடம் கொடுங்கள்.

சின்னச் சின்னதாக, கறை பட்ட இடத்தில். அந்துப்பூச்சி தின்னாது என்றேன். கரப்பான், வெள்ளிப்பூச்சி, எலி இவை துணியைத் தேடி வருவதில்லை, அதில் சிந்திய குழம்பைத் தேடி வரும். வழியில் நூலையும் கடித்துவிடும். துவைக்காமல் பரணில் ஏற்றாதீர்கள். ஓட்டையை ரஃபு செய்து, அதாவது நூலால் இழையோட்டி அடைத்துக்கொள்ளலாம்.

ஓரம் கறுத்து, கெட்டியாக. நெருப்புப் பொறி. அடுப்பு, ஊதுபத்தி, பீடி, மலைமேல் போட்ட கேம்ப் ஃபயர். ரஃபு எடுக்காது, உருகிய ஓரம் ஊசியை விடாது. சுற்றி ஒரு விரல் அகலம் வெட்டி எடுத்து ஒட்டுப் போட வேண்டியதுதான். சால்வை முந்தியைத் தொங்கவிட்டுக்கொண்டு தீ காயாதீர்கள். பருத்தி மாதிரி சாம்பலாகி உதிராது, உருகித் தோலில் ஒட்டும். அப்படி ஒட்டிவிட்டால் உரிக்க வேண்டாம். ஓடுகிற தண்ணீரில் இருபது நிமிடம் காட்டிவிட்டு, துணியோடு துணியாக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.